பச்சைப் போத்தல் பற்றி ஒரு புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
பொருள்: ஆல்கஹால் இல்லாத பில்ஸ்னர், 20 போத்தல் பெட்டி, கெட்ட வாடை

ஐயா / அம்மா,

ஜெர்மனியின் டோர்ட்முண்டில் பேருந்து ஓட்டுகிறேன். பல நாள் விடியற்காலையிலேயே வேலை தொடங்கிவிடும். அதனால் இரவில் எனக்குக் கிடைக்கும் ஒரே பியர் உங்களுடைய ஆல்கஹால் இல்லாத பில்ஸ்னர்தான். அரை சதவீதம் வரை ஆல்கஹால் இருந்தாலும் 'இல்லாதது' என்று எழுதிக்கொள்ள இந்த நாட்டில் இடமுண்டு, தெரியும். என் புகார் அதைப் பற்றியதல்ல.

சென்ற மாதம் வாங்கிய பெட்டியில்தான் முதன்முறையாக உங்கள் பச்சைப் போத்தலைப் பார்த்தேன். அதுவரை பழுப்பு. மூடியைத் திறந்ததுமே ரப்பர் எரிந்தது போல ஒரு நாற்றம். முதல் போத்தலை ஊற்றிவிட்டு அடுத்ததைத் திறந்தேன், அதுவும் அப்படியே. ஆனால் பெட்டியின் நடுவில் இருந்த ஆறு போத்தல்களும் அருமையாக இருந்தன, அதே பழைய கசப்பு. ஓரத்தில் இருந்தவற்றில் ஐந்தைத் திறந்தேன், ஐந்தும் நாறின.

காரணம் தேடப் பெரிய ஆராய்ச்சி தேவைப்படவில்லை. பியரில் சேர்க்கும் ஹாப்ஸ் பூவின் கசப்புப் பொருள் வெளிச்சத்தில் சிதைந்து, கந்தகத்தோடு சேர்ந்து இந்த வாடையைத் தரும். பழுப்புக் கண்ணாடி அந்த வெளிச்சத்தில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும், பச்சைக்கு அந்த வலு இல்லை. பெட்டியின் பக்கவாட்டில் கைப்பிடிக்கும் திறப்புகள் வேறு. கடைக்காரர் பெட்டிகளை வாசலில், வெயிலில் அடுக்கி வைத்திருந்தார்.

இதைத் தொலைபேசியில் சொன்னபோது, "சுவை ஆளுக்கு ஆள் மாறும், கடையில் கேளுங்கள்" என்றார் உங்கள் ஊழியர். கடைக்காரர் மேலும் தவறு உண்டுதான். ஆனால் பியர் கடை வாசலில் வெயில் அடிக்கும் என்பது பியர் தயாரிப்பவருக்குத் தெரியாததா? கண்ணாடியின் நிறத்தைத் தேர்ந்தெடுத்தது கடைக்காரர் அல்லவே.

லேபிளில் 1516ஆம் ஆண்டு பவேரியத் தூய்மைச் சட்டத்தைப் பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள். தண்ணீர், பார்லி, ஹாப்ஸ் தவிர வேறெதுவும் சேரக் கூடாது என்றது அது. உங்கள் பியரிலும் யாரும் எதையும் சேர்க்கவில்லை, வெயில்தான் சேர்ந்துவிட்டது.

நான் கேட்பது இவ்வளவுதான். பெட்டியின் விலையைத் திருப்பித் தாருங்கள். காலியானதைத் திருப்பிக் கொடுத்தால் கிடைக்கும் முன்பணம், போத்தல் காசும் பெட்டிக் காசுமாக 3.10 யூரோவைக் கடையிலேயே வாங்கிக்கொள்வேன், அதை உங்களிடம் கேட்கவில்லை. பழுப்புப் போத்தலுக்குத் திரும்புவீர்களா, இல்லையென்றால் பெட்டியையாவது மூடிய அட்டையில் அனுப்புவீர்களா என்று எழுத்தில் பதில் வேண்டும்.

திறக்காத ஒன்பது போத்தல்களை நிலவறையில் துணி போர்த்தி வைத்திருக்கிறேன். போத்தல் கழுத்தில் அச்சிட்ட காலாவதித் தேதிக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது. சோதித்துப் பார்க்க ஆளனுப்பினால் தருகிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள், அதற்கு முன் வண்டியில் இருப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாடிக்கையாளர்,
டோர்ட்முண்ட்