அமர்னா போய் வந்தேன்

அன்புள்ள சாந்தி,

நலம். அங்கே எல்லோரும் சௌக்கியம்தானே? கெய்ரோவில் மகள் வீட்டிலிருந்துதான் எழுதுகிறேன். பேரனுக்கு இரண்டு பல் முளைத்துவிட்டது. கைக்கு எட்டியதையெல்லாம் கடித்து வைக்கிறான்.

உன் உத்தரவுப்படி அமர்னாவைப் பார்த்தாயிற்று. தெற்கே 300 கிலோமீட்டர் போல இருக்கும், மின்யா பக்கம், நைலின் கிழக்குக் கரை. பழைய கடவுள்களையெல்லாம் ஓரங்கட்டிவிட்டு, ஆத்தென் என்ற சூரியவட்டம் மட்டும் போதும் என்றானே எகிப்து ராஜா அகெனாத்தென், அவன் பொட்டல் வெளியில் புதிதாக எழுப்பிய தலைநகரம். கி.மு. 1346 வாக்கில் தொடங்கினான். அவன் கண்ணை மூடிய சில ஆண்டுகளிலேயே, அடுத்து வந்த ராஜா துட்டன்காமுன் காலத்தில் அரசவை கிளம்பிவிட்டது, ஊரும் காலியானது. கோயில் கற்களையும் பிற்கால ராஜா இரண்டாம் ராமேசஸ் பெயர்த்து ஆற்றுக்கு அக்கரையில் தன் கட்டடங்களுக்குப் போட்டுக்கொண்டான். இப்போது மண்கல் சுவர்களின் அடிப்பகுதியும் மணலும்தான் மிச்சம். நம்மூர்க்காரர்கள் பார்த்தால் 'இதற்கா இவ்வளவு தூரம்?' என்பார்கள்.

நீ சொன்ன சிற்பங்கள் மலைச்சரிவில் குடைந்த அதிகாரிகளின் கல்லறைகளில் இருக்கின்றன. படியேறுவதற்குள் முட்டி கெஞ்சியது. ஹூயா என்பவரின் கல்லறையில் ஒரு விருந்துக் காட்சி. ராஜா பெரிய இறைச்சித் துண்டு ஒன்றைக் கையில் தூக்கிக் கடிக்கிறான். ராணி நெஃபெர்டிட்டி ஒரு முழுப் பறவையையே வாயருகே பிடித்திருக்கிறாள்! பெர்லினில் சிலையாக இருக்கிற அந்தக் கழுத்து நீண்ட அழகிதான். எகிப்தில் வேறெங்கும் ராஜா ராணியை இப்படிச் சாப்பிட விட்டதில்லை என்று நீ சிலாகித்தது சரிதான். பக்கத்தில் படையல் மேசைகளில் உணவு குவிந்து கிடக்கிறது.

ஆனால் எனக்கு மனதில் நின்றது வேறு. முப்பது வருஷம் பிசியோதெரபி பார்த்தவளுக்குப் புத்தி எலும்பில்தானே போகும்? பெரிய அதிகாரிகளுக்குப் பாறையில் அறை; சாதாரண ஜனங்களைப் புதைத்தது கீழே மணலில். தெற்குக் கல்லறைகளுக்கு அருகே 2006 முதல் 2013 வரை தோண்டியிருக்கிறார்கள். பாரி கெம்ப் என்ற ஆங்கிலேயத் தொல்லியலாளர் 1977 முதல் அந்த ஊரையே கட்டிக்கொண்டு அழுதவர், 2024-இல்தான் காலமானார். அவருடைய குழுவின் வேலை அது. அறிக்கைகளை மகள் தேடிக்கொடுத்தாள். இரண்டு ராத்திரி தூக்கம் போயிற்று.

பெரும்பாலோருக்கு மரப்பெட்டி இல்லை, தாவரத் தண்டுகளைக் கட்டிய பாயில் சுருட்டியிருக்கிறார்கள். குழந்தைகள் வயதுக்கேற்ற வளர்த்தி இல்லாமல் குட்டையாக இருந்திருக்கிறார்கள். கண்குழியின் மேற்சுவரில் ஊசியால் குத்திவிட்டாற்போலப் பொடிப்பொடித் துளைகள். சத்துக்குறைவிலும் ரத்தசோகையிலும் வருவது. பெரியவர்களுக்கு முதுகெலும்புத் தேய்மானம். இதற்கு ஒரு காரணம் அந்தக் கோயில் கற்களாக இருக்கலாம். வேலை சீக்கிரம் முடியவேண்டுமென்று ஒரே ஆள் தூக்கும்படி 52 சென்டிமீட்டர் நீளத்தில் வெட்டினார்கள். சுண்ணாம்புக் கல்தான், ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், 70 கிலோ வருகிறது. எந்த இடுப்பு தாங்கும், சொல்?

அந்த இடுகாட்டிலாவது குடும்பம் குடும்பமாகப் புதைத்திருக்கிறார்கள். வடக்கில் 2015-இல் தோண்டிய இடம் வேறு மாதிரி. பத்துக்கு ஒன்பது பேர் 7 வயதுக்கும் 25 வயதுக்கும் இடைப்பட்டவர்கள், அதிலும் பாதிக்கு மேல் 15 வயதைத் தாண்டாதவர்கள். சாதாரணமாக ஒரு ஊரில் அந்த வயதில்தான் சாவு குறைவு. ஒரே குழியில் இரண்டு மூன்று பேரைப் போட்டிருக்கிறார்கள், கூட வைத்த பொருளும் சொல்லும்படி இல்லை. பெற்றோர் பக்கத்தில் இல்லாத பிள்ளைகளை வேலைக்காக எங்கிருந்தோ கூட்டிவந்திருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

அப்புறம் இன்னொரு விஷயம். அதிகாரிகளின் சுவர்களில் எங்கே பார்த்தாலும் ஆத்தென், கதிர் நுனியில் கைகளோடு. தெற்கு இடுகாட்டு ஏழைகளோடு புதைத்த பொருட்களில் அந்தச் சாமியைத் தேடினால் கிடைக்கவில்லையாம். வீடுகளில் கிடைத்ததும் பெஸ், தாவெரெட் மாதிரி பழைய காவல் தெய்வங்களின் சின்னங்கள். ராஜா மாறச் சொன்னால் ஜனங்கள் மாறிவிடுவார்களா என்ன!

அமர்னாக் கலையில் விடுதலை இருக்கிறது என்று நீ எழுதியிருந்தாய். நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த விடுதலை யாருக்கு என்று கேட்கத் தோன்றுகிறது. நீ சண்டைக்கு வருவாய், தெரியும். வா.

ஹூயா கல்லறையில் எடுத்த படங்களை மகள் அனுப்புவாள். கொஞ்சம் இருட்டாக வந்திருக்கும், திட்டாதே. உன் கண் ஆபரேஷன் தேதி முடிவானதும் உடனே எழுது. டிக்கெட்டை அதற்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்கிறேன்.

அன்புடன்,
வசந்தா