திரும்ப விட்ட மீன் பிழைக்கிறதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க ஏரிகளில் மெல்லிய தூண்டில் நரம்பும் சிறிய ரப்பர் புழுவும் கொண்டு, இரைதேடி வேட்டையாடும் நன்னீர் மீனான பாஸைப் பிடிப்பதைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தூண்டில் கட்டும் விதம் அதில் தெளிவாகவே சொல்லப்பட்டிருந்தது. ஆனால், இந்த முறை ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி கைகொடுக்கும் என்பதையும், பிடித்த மீனைத் திரும்ப விட்டுவிடுவதால் அதற்கு எந்தக் கேடும் இல்லை என்பதையும், அட்லாண்டாவுக்கு வடக்கே உள்ள லேனியர் நீர்த்தேக்கத்தில் பல ஆண்டுகளாகத் தூண்டில் போட்டுவரும் என்னால் ஏற்க முடியவில்லை.

சட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே 1950களில் கட்டப்பட்ட புஃபோர்ட் அணையால் உருவான இந்த ஏரி ஆழமானது. தண்ணீரும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். தடித்த நரம்பைக் கண்டால் மீன் ஒதுங்கிப் போவதால், 6 முதல் 8 பவுண்டு வரை தாங்கும் ஃபுளூரோகார்பன் என்ற, தண்ணீரில் எளிதில் தெரியாத நரம்பைத்தான் இங்கே பலரும் பயன்படுத்துகிறார்கள். இங்கு அதிகம் கிடைக்கும் பாஸ் வகையான ஸ்பாட்டட் பாஸ், ஹெர்ரிங் என்ற சிறுமீன் கூட்டங்களைத் துரத்தித் திரிவது. ஆகவே இரை எந்த ஆழத்தில் இருக்கிறது என்பதைப் பருவமும், தூண்டில் எங்கே இறங்க வேண்டும் என்பதை இரையும் தீர்மானிக்கின்றன.

வசந்த காலத்தில் தண்ணீர் 16 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது மீன்கள் முட்டையிடுவதற்காகச் சரளைக்கல் கரைகளுக்கு ஏறி வருகின்றன. கான்சஸ் மாநில நீர்த்தேக்கங்களில் வளர்ந்த ‘நெட் ரிக்’ முறைக்கு இதுவே ஏற்ற காலம். காளான் வடிவ ஈயத்தலை கொண்ட முள்ளில் இரண்டரை, மூன்று அங்குல ரப்பர் புழுவைக் கோத்து அடியில் இறக்கினால், தலை தரையில் ஊன்றிக்கொள்ள, மிதக்கும் தன்மையுள்ள புழு வாலைத் தூக்கியபடி நிற்கும். அதை ஆட்டாமல் விட்டுவைக்கத்தான் பொறுமை வேண்டும். புதியவர்கள் கை சும்மா இருப்பதில்லை. ஆனால் அப்போது கூட்டைக் காவல் காப்பது ஆண் மீன். அதைப் பிடித்துச் சிறிது நேரம் கையில் வைத்திருந்தாலே, சுற்றி நிற்கும் சிறுமீன்கள் முட்டைகளைத் தின்றுவிடக்கூடும்.

இலையுதிர் காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மேல்நீர் குளிர்ந்து அடிநீரோடு கலந்தபின் மீன்கள் ஏரியெங்கும் சிதறிவிடுவதால், தேடி அலைவதே வேலையாகிவிடும்.

என் கவலை கோடையையும் குளிர்காலத்தையும் பற்றியது. இவ்விரு பருவங்களிலும் மீன் ஆழத்தில்தான் இருக்கும். ஜப்பானியர் செம்மைப்படுத்தி 1990களில் அமெரிக்காவில் பரவிய ‘டிராப் ஷாட்’ முறையில், ஈயக்குண்டு நரம்பின் நுனியிலும் முள் அதற்கு ஓர் அடி மேலேயும் இருக்கும். படகுக்கு நேர் கீழே, தூண்டில்காரர்கள் மூழ்கடித்து வைத்த மரக்கிளைகளின் மேல் அதை நிறுத்தினால், பல சமயம் வெடுக்கென்ற இழுப்புகூட இருக்காது; நரம்பு சற்றே கனக்கும், அவ்வளவுதான். கோடையில் 20, 30 அடி ஆழத்திலிருந்து வரும் அந்த மீன், மெல்லிய நரம்பில் நெடுநேரம் போராடிக் களைத்தபின், 29, 30 டிகிரி வெப்பமுள்ள மேல்நீரில் மூச்சுத் திணறுகிறது.

குளிர்காலத்தில் வெப்பம் இல்லை. ஆனால் 40, 50 அடிக்கும் மீன் இறங்கிவிடுகிறது. 33 அடி ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல் இரு மடங்கு. அங்கிருந்து மீனை மேலே கொண்டுவரும்போது அதன் நெட்டியில், அதாவது மிதக்க உதவும் காற்றுப்பையில் உள்ள காற்று ஏறக்குறைய இரு மடங்காக விரிகிறது. கெண்டைக்கும் கெளுத்திக்கும் நெட்டியிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் இருப்பதால் அவை காற்றை வெளியே விட்டுவிடும். பாஸ் மீனுக்கு அந்த வழி இல்லை. வயிறு உப்பி, பக்கவாட்டில் சாய்ந்து, வாலை அடித்தும் கீழே போக முடியாமல் அது மிதப்பதை, திரும்ப விட்ட மகிழ்ச்சியில் படகைத் திருப்பிக்கொண்டு போகிறவர் பார்ப்பதில்லை. ஊசியால் குத்திக் காற்றை எடுப்பவர்கள் இருக்கிறார்கள். பழக்கமில்லாத கை உள்ளுறுப்பைக் கிழித்துவிடும். தாடையில் எடையுடன் கூடிய கவ்வியை மாட்டி மீனை மீண்டும் ஆழத்துக்கு இறக்கி விடுவிப்பது இதைவிடப் பாதுகாப்பானது.

கட்டுரையாளர் இதைத் தொடர்ந்து எழுதுவாரானால், அந்தக் கவ்வியைப் பயன்படுத்தும் விதத்தைப் படத்துடன் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். அது கையில் இல்லாதவர்கள் 30 அடிக்குக் கீழே தூண்டிலை இறக்காமல் இருக்கலாம். மீறிப் பிடித்த மீன் மிதக்கிறது, அளவு விதிக்கும் உட்பட்டிருக்கிறது என்றால், அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று குழம்பு வைப்பதில் தவறே இல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கம்மிங், ஜார்ஜியா