மாடு வாங்கப் போகிறவனுக்கு

மன்னார்குடி
மாசி மாதம்

அன்புள்ள வைத்தியநாதன்,

உன் கடிதம் கண்டு மனம் நிறைந்தது. பணி ஓய்வு பெற்றதும் ஊரோடு வந்து இரண்டு மாடு கட்டப் போகிறாய் என்றால் எனக்கு அதைவிட என்ன வேண்டும்? என்ன தீனி, எவ்வளவு போடலாம் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன் இங்கே நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் எதிர்வீட்டுக் கலப்பினப் பசு எழுந்திருக்கவில்லை. வந்த உறவினர்கள் ஆளுக்கொரு கவளமாய்ப் பொங்கல் ஊட்டியிருக்கிறார்கள். பானையில் மிஞ்சியதையும் ராத்திரி தொட்டியில் கொட்டிவிட்டார்கள். கழுத்தில் நெட்டிமாலை வாடாமல் கிடக்க, பசு பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு ஒருபக்கமாய்ச் சாய்ந்து கிடந்தது. சாணம் தண்ணீராய்ப் போய்க்கொண்டிருந்தது, புளித்த வாடையோடு.

கால்நடை மருத்துவர் முதலில் அதை நிமிர்த்தி உட்கார வைக்கச் சொன்னார். சாய்ந்து கிடக்கும் மாட்டால் ஏப்பம் விட முடியாது. உள்ளே உண்டாகும் கரியமில வாயுவும் மீத்தேனும் வெளியேற வழியில்லாமல் வயிறு உப்பிவிடும். பிறகு இடது விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் முஷ்டியை அழுத்தி வைத்துக் காத்திருந்தார். நல்ல மாட்டுக்கு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை உள்ளிருந்து ஓர் அலை எழும்பிக் கையைத் தள்ளும். இதில் அசைவே இல்லை.

ஆப்பச்சோடா கரைத்துக் கொடுத்தார், நரம்பில் மருந்து ஏற்றினார். அதன்பின் செய்ததுதான் என்னைக் கட்டிப்போட்டது. பக்கத்துத் தொழுவத்தில் இருந்த, நம் பக்கத்து நாட்டு இனமான உம்பளச்சேரிப் பசுவின் வாய்வழியே குழாய் விட்டு, வயிற்று நீரை உறிஞ்சி எடுத்து, சூடு ஆறுவதற்குள் நோயுற்ற பசுவுக்குள் செலுத்தினார். பாலுக்கு உறை ஊற்றுவது போலத்தான். இரண்டொரு நாளில் பசு அசை போட ஆரம்பித்துவிட்டது.

அந்தப் பழுப்புப் பச்சை நீரில் ஒரு மில்லிலிட்டருக்கு ஆயிரம் கோடிக்குக் குறையாமல் பாக்டீரியாக்கள் இருக்கும், புரோட்டோசோவா என்ற ஒற்றைச்செல் உயிர்கள் லட்சக்கணக்கில். பசுவின் நாலு வயிறுகளில் முதலாவதான பெருவயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். கணக்குப் போட்டுப் பார்! வைக்கோலின் நாரை உடைக்கும் நொதி எதுவும் மாட்டின் உடம்பில் சுரப்பதில்லை. ஆக்சிஜன் இல்லாத அந்த இருட்டில், ஏறக்குறைய 39 டிகிரி சூட்டில், நுண்ணுயிர்கள்தாம் நாரை நொதிக்க வைத்து அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக் அமிலங்களாக மாற்றுகின்றன. மாட்டுக்கு வேண்டிய ஆற்றலில் சுமார் 70 சதவீதம் இந்த அமிலங்களிலிருந்துதான் வருகிறது. அசிட்டிக் அமிலம் பாலின் கொழுப்பாகிறது. நார்த்தீனியைக் குறைத்துத் தவிடும் மாவுமாய்க் கொட்டினால் பால் சொசைட்டியில் கொழுப்பு இறங்கி விலை குறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

பொங்கல் செய்த கேடு இப்போது உனக்கே விளங்கியிருக்கும். சோற்று மாவுச்சத்து மளமளவென்று நொதிக்கும். லாக்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்கள் ஒரே ராத்திரியில் பெருகி, நாரைச் செரிக்கும் இனங்களை அமிலத்திலேயே மடியச் செய்துவிடும். அசை போடும்போது ஊறும் எச்சிலில் அமிலத்தை முறிக்கும் சோடா உப்பு இயற்கையாகவே உண்டு. ஆனால் சோற்றை அசை போட என்ன இருக்கிறது?

இங்கே சம்பா அறுவடை முடிந்து, எந்திரம் உருட்டிக் கட்டிய வைக்கோல் வயலெங்கும் கிடக்கிறது. நெல் வைக்கோலில் சிலிக்கா அதிகம், புரதம் மிகக் குறைவு. அந்தத் தாளையும் துளைத்து உள்ளே போகும் பூஞ்சைகள் பெருவயிற்றில் இருக்கின்றன. பூஞ்சை என்றால் ஆக்சிஜன் இல்லாமல் வாழாது என்றே அறிவியலாளர்கள் நம்பியிருந்தார்கள். 1975-இல் காலின் ஆர்பின் என்ற ஆய்வாளர் ஆட்டின் வயிற்றில் அப்படிப்பட்ட பூஞ்சையை எடுத்துக்காட்டிய பிறகுதான் அந்த எண்ணம் மாறியது. எத்தனை காலமாய் வைக்கோல் போட்டு வந்திருக்கிறோம், உள்ளே யார் வேலை செய்கிறார்கள் என்று தெரியாமலே!

ஆனால் வெறும் வைக்கோலில் இந்த நுண்ணுயிர்கள் பெருகாது, தழைச்சத்து (நைட்ரஜன்) வேண்டும். உளுந்துக் கொடி, அகத்தி, கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு சேர்த்துப் போடு. 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா கரைத்துத் தெளித்து, மூன்று வாரம் காற்றுப் புகாமல் மூடி வைத்தும் போடலாம். யூரியாவைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க மட்டும் வைத்துவிடாதே, உயிருக்கே ஆபத்து. தழைச்சத்தை நுண்ணுயிர்கள் தம் உடம்பில் புரதமாக்கிக்கொள்ளும். அவையே நாலாம் வயிற்றுக்கு இறங்கிச் செரிக்கப்பட்டு மாட்டுக்கு உணவாகும். நாம் குடிக்கும் பாலின் புரதத்தில் பெரும்பங்கு அப்படி வந்ததுதான்.

எந்த மாடு வாங்கினாலும், விற்பவர் போட்டுவந்த தீனியிலேயே ஒரு வாரத்துக்கானதைக் கேட்டு வாங்கிக்கொள். உன் தீனியை அதோடு கொஞ்சம் கொஞ்சமாய்க் கலந்து, இரண்டு வாரத்தில் முழுக்க மாற்று. உள்ளே இருக்கும் கூட்டம் புதுத் தீனிக்கேற்ப மாற அவ்வளவு நாள் பிடிக்கும். என்னைக் கேட்டால் இரண்டில் ஒன்று உம்பளச்சேரியாக இருக்கட்டும். பால் குறைவுதான், ஆனால் நம் மண்ணின் வைக்கோலிலும் மேய்ச்சலிலும் தாக்குப்பிடிக்கும்.

என்றைக்கு வருகிறாய் என்று எழுது. இந்த வைக்கோலில் உனக்கும் ஒரு போர் போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
செல்வராசு