ஏழுமலைக்கு எந்த எழுத்து

ஆம்பூர்
ஞாயிறு ராத்திரி

அன்புப் பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். கோபம் இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் சொல்ல வந்தது வாய்க்கு வரவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன். அம்மா ஷூ கம்பெனியில் ஓவர்டைம் முடித்து வந்து அப்படியே படுத்துவிட்டாள். தம்பி மாடியில் இருக்கிறான்.

நெதர்லாந்தில் இருக்கிற டெல்ஃப்ட் யுனிவர்சிட்டிக்குச் சீட் கேட்டு நீ எழுதி வைத்திருப்பதை அவன்தான் எனக்கு வரி வரியாகத் தமிழில் சொன்னான். முதல் பக்கம் பூரா நான்தான். என் கை வெந்தது, கால் புண், ராத்திரி சாப்பிடாமல் படுத்தது. எதுவும் பொய்யில்லை. இருந்தாலும் கேட்கக் கேட்க, செத்துப்போன யாருக்கோ இரங்கல் வாசிக்கிற மாதிரி இருந்தது. ‘என் தந்தை ஒரு எளிய தோல் தொழிலாளி’ என்று ஆரம்பித்திருக்கிறாய். எளிய என்றால் என்ன பாப்பா? இருபத்திரண்டு வருஷம் ஒரு வேலையைப் பார்த்தவனுக்கு அந்த வேலையைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றா?

நீ படிக்கப் போவது தண்ணீர். அந்தத் தண்ணீர் எப்படிக் கெட்டது என்று என்னிடம் ஒரு தடவையாவது கேட்டாயா? இப்போது சொல்கிறேன், கேட்டுக்கொள்.

பச்சைத் தோல் லாரியில் வரும்போது உப்போடுதான் வரும். அழுகாமல் இருக்க நூறு கிலோ தோலுக்கு முப்பது நாற்பது கிலோ உப்பு போட்டிருப்பார்கள். நான் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த வேலை அந்த உப்பை உதறுவது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து, விரித்து, ஓங்கி உதற வேண்டும். நன்றாக உதறினால் தரையில் கணுக்கால் உயரத்துக்குக் குவியும். கூட்டி அள்ளி மூட்டை கட்டிவிடலாம், தண்ணீருக்குப் போகாது. ஆனால் சாயந்திரம் லோடு சேர்ந்துவிட்டால் மேஸ்திரி, ‘போதும் போதும், தொட்டியில் தள்ளு’ என்பார். உதறாத தோல் ஊறும்போது உப்பு மொத்தமும் தண்ணீரில் இறங்கிவிடும். தோல் பதனிடப் போடுகிற குரோமியத்தைப் பிடித்துவிடலாம், சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும், கரைந்த உப்பை மட்டும் லேசில் பிரிக்க முடியாது என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய். ஆர்.ஓ. வைத்துச் சுண்டக் காய்ச்சி எடுத்தாலும், அந்த உப்பை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் முழிக்கிறார்கள் என்றும் சொன்னாய். நாலு பேர் அரை மணி நேரம் கூடுதலாக உதறியிருந்தால் அதில் கொஞ்சமாவது வேலை மிச்சம். அந்த அரை மணி நேரக் கூலியைத் தர அன்றைக்கு யாருக்கும் மனசு வரவில்லை. என் கை வெந்ததை விட்டுவிட்டு இதை எழுது.

1996 ஆகஸ்டில் பாலாறு கெட்டதற்காக சுப்ரீம் கோர்ட்டில் தீர்ப்பு வந்தது உனக்குத் தெரியும், அதைத்தான் இரண்டாம் பக்கத்தில் போட்டிருக்கிறாய். கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும், தோல் பதனிடுகிற டேனரி ஒவ்வொன்றுக்கும் பத்தாயிரம் ரூபாய் அபராதம் என்று. நான் வேலை பார்த்த கம்பெனி அப்போது இரண்டு மாசம் மூடிக் கிடந்தது. அந்த இரண்டு மாசம் கிணறு தூர் வாரப் போனேன். தூர் வாரிய கிணற்றுத் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை. 2025 ஜனவரியில் இதே பாலாற்றுக்காக மறுபடியும் ஒரு தீர்ப்பு. நடுவில் இருபத்தெட்டு வருஷம்.

சரி, உதவித்தொகை விஷயத்துக்கு வருகிறேன். அதற்கான அலைச்சலை நான் இங்கே பார்த்துக்கொள்கிறேன், நீ லீவு போட்டு அலைய வேண்டாம்.

மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையில் மொத்தம் 125 இடம், அதில் 115 எஸ்.சி. பிள்ளைகளுக்கு. 30 சதவீதம் பெண்களுக்கு. வயசு 35-க்குள், மார்க் 60 சதவீதம், இரண்டும் உனக்குப் பிரச்சினை இல்லை. குடும்ப வருமானம் வருஷத்துக்கு எட்டு லட்சத்தைத் தாண்டக்கூடாது. நேற்று காலண்டர் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். உன் சம்பளம் நாலு லட்சத்து ஐம்பத்தாறாயிரம், அம்மாவுடையது ஒரு லட்சத்து முப்பத்திரண்டாயிரம், எனக்கு வாட்ச்மேன் வேலையில் ஒரு லட்சத்து எட்டாயிரம். ஆறு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரம். உனக்கு இன்க்ரிமென்ட் வந்தாலும் உள்ளேதான் நிற்கிறோம்.

இதில் நீ தப்பாக நினைத்துக்கொண்டிருக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. நம் கஷ்டத்தைப் படித்துப் பார்த்து இடம் கொடுப்பது இல்லை. உலக யுனிவர்சிட்டிகளைத் தரம் பிரிக்கிற க்யூ.எஸ். வரிசையில் நம் யுனிவர்சிட்டி 500-க்குள் இருக்க வேண்டும், மேலே இருக்கிற யுனிவர்சிட்டியில் சீட் வாங்கியவருக்கு முதலிடம். அழுகிற கதைக்கு அங்கே மார்க்கே கிடையாது. நிபந்தனை போட்ட சீட் கடிதமும் செல்லாது. டெல்ஃப்ட் வரிசையில் மேலே இருக்கிறது, அந்தக் கவலை இல்லை. ஆகவே உன் வேலை அந்த ஊர்க்காரர்களிடம் சீட் வாங்குவது மட்டும்தான். அவர்களுக்கு என் கால் புண் எதற்கு?

கிடைத்தால் யுனிவர்சிட்டி ஃபீஸ் போக வருஷத்துக்கு 15,400 டாலர் செலவுக்கு. மாசம் 1,283 வருகிறது. போகவர விமான டிக்கெட், விசா, மருத்துவக் காப்பீடு தனி. ஆனால் 2025 ஜூலையில் தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் கடிதம் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு நிதி இருந்தால் என்றார்கள். பேப்பரில் படித்தேன். அதனால் மாநில அரசு அண்ணல் அம்பேத்கர் பேரில் தருகிற உதவிக்கும் விண்ணப்பம் போட்டு வை. அதில் வருஷத்துக்கு 36 லட்சம் வரை தருகிறார்கள். இரண்டு கதவையும் தட்டு.

இப்போது தலைவலி என்னவென்றால், என் பேர். உன் பத்தாவது சான்றிதழில் ஏழுமலைக்கு இங்கிலீஷில் ‘ழ’ வருகிற இடத்தில் இசட் ஹெச். பாஸ்போர்ட்டில் இனிஷியலை ஏற்க மாட்டார்கள் என்று என் பேரை முழுசாக விரித்தபோது ஆதாரில் உள்ளபடி ஒரு எல். சாதிச் சான்றிதழில் தமிழில் சரி, இங்கிலீஷில் இரண்டு எல். மூன்று காகிதத்தில் மூன்று அப்பன் உனக்கு. ழகரம் வருகிற பேரை வைத்தாரே உன் தாத்தா, அவரைச் சொல்ல வேண்டும். ஒரு ஆபீசில் இதற்காக மூன்று தடவை அலைய விட்டார்கள். நாலாவது தடவை ஒரு வயசான கிளார்க், ‘எல்லாம் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் அஃபிடவிட் வாங்கி வையுங்கள், சாதிச் சான்றிதழைப் பாஸ்போர்ட்படி மாற்ற மனு கொடுங்கள்’ என்றார். இரண்டையும் செய்துவிட்டேன். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவையில் 60 ரூபாய் கட்டியாயிற்று. வி.ஏ.ஓ. பார்த்து அனுப்பிவிட்டார், இப்போது வருவாய் ஆய்வாளர் (ஆர்.ஐ.) மேஜையில் கிடக்கிறது. நாளைக்கு டூட்டி முடித்து நேராக அங்கேதான் போகிறேன்.

கூட வேலை செய்கிற பையன் ஏதோ சொன்னானாமே, ‘கவர்மென்ட் காசில் ஃபாரின்’ என்று. நீ என்னிடம் சொல்லவில்லை, தம்பிதான் சொன்னான். பாபாசாகேப் அம்பேத்கர் 1913-இல் அமெரிக்காவுக்குப் போனதும் பரோடா மகாராஜா கொடுத்த காசில்தான். மாசம் பதினொன்றரைப் பவுண்டு, மூன்று வருஷத்துக்கு. திரும்பி வந்து பத்து வருஷம் வேலை பார்ப்பதாகக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். சொன்ன சொல் தவறாமல் 1917-இல் பரோடாவுக்குப் போனார். அந்த ஊரில் தங்க ஒரு ரூம் கிடைக்கவில்லை அவருக்கு. காசு வாங்கினதற்கு அவரா வெட்கப்படுவார்? அந்தப் பையனிடம் ஒன்றும் பேசாதே. டீ வாங்கிக் கொடு.

அம்மாவுக்கு வேறு கவலை. அந்த நாட்டில் கால்வாசி நிலம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறது என்று தம்பி சொல்லித் தொலைத்துவிட்டான். ராத்திரி தூக்கத்தில் கரை உடைந்தால் என்ன செய்வாள் பிள்ளை என்று என்னைக் கேட்கிறாள். நான் என்னத்தைச் சொல்ல? நீயே ஒரு போன் போட்டு, கரை கட்டுவதைத்தான் அங்கே முக்கியமாகப் படிக்கிறார்கள் என்று சொல்லு. கல்யாணப் பேச்சை இப்போதைக்கு எடுக்க மாட்டாள், நான் சொல்லிவிட்டேன்.

முதல் பக்கத்தைக் கிழித்துவிட்டு உப்பிலிருந்து ஆரம்பி. எழுதியதும் தம்பிக்கு அனுப்பு, அவன் எனக்கு வாசித்துக் காட்டட்டும். உதறுகிற விஷயத்தில் ஏதாவது பிசகி இருந்தால் சொல்கிறேன்.

அப்புறம், போன தீபாவளிக்கு நீ விட்டுப்போன டி.டி.எஸ். மீட்டர், தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டுமே, அது. ஞாயிற்றுக்கிழமை தோறும் நம் கிணற்றிலும், மசூதித் தெரு போர்வெல்லிலும், ஆற்றங்கரைக் கிணற்றிலும் அளந்து காலண்டர் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஒரு வாரம்தான் விட்டுப்போனது, எனக்குக் காய்ச்சல். இன்றைக்கு நம் கிணறு 2,140. போர்வெல் 1,870. ஆற்றங்கரையில் மூன்று தடவை வைத்துப் பார்த்தேன், 3,310-க்குக் கீழே வரவில்லை. மழைக்கு அப்புறம் இறங்கும் என்று நீ சொன்னாய், ஆற்றங்கரைக் கிணற்றில் ஏறியிருக்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. தாள்கள் எல்லாம் இந்தக் கவரிலேயே இருக்கின்றன, பார்த்துச் சொல்லு.

அன்புடன்,
அப்பா