பட்சிப்பிட்டிக்குக் கோபுரம் வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் லட்சத்தீவின் பறவைத் தீவான பட்சிப்பிட்டி பற்றிய கட்டுரை பார்த்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் கடைசியில், எங்கள் நெல்லைப் பக்கத்துப் பறவைகள் சரணாலயமான கூந்தன்குளம் மாதிரி அங்கேயும் பறவை பார்க்கும் கோபுரம் கட்டிப் படகு விடலாம் என்று எழுதியிருக்கிறீர்களே, அது சரிப்பட்டு வராது. கூந்தன்குளத்துக்குப் பக்கத்து ஊர்க்காரன் என்பதால்தான் சொல்கிறேன்.

இங்கே கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் வீட்டு வாசல் மரத்திலேயே கூடு கட்டும். கீழே பிள்ளைகள் விளையாடும், குஞ்சு தவறி விழுந்தால் எடுத்து மீன் கொடுத்து வளர்ப்பார்கள், தீபாவளிக்கு வெடிகூடப் போடமாட்டார்கள். பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இதெல்லாம் நடப்பது கூடு மரத்து மேலே இருப்பதால்.

பட்சிப்பிட்டியில் ஏது மரம்? லட்சத்தீவின் தலைநகர் கவரத்தியிலிருந்து சுமார் 24 கிலோமீட்டர் தள்ளி, மூன்று ஏக்கர் அளவுக்கு வெறும் பவளப்பாறையும் மணலும். முதுகு கறுத்த சூட்டி ஆலா என்ற கடற்பறவை அந்த வெறுந்தரையில் ஒரே ஒரு முட்டை இடும். புள்ளி புள்ளியாக இருப்பதால், காலடியில் கிடந்தாலும் சட்டென்று கண்ணில் படாது. தாய்ப்பறவை அதன்மேல் உட்கார்ந்திருப்பது சூட்டுக்கு மட்டுமில்லை, உச்சி வெயிலில் நிழலுக்கும்தான். ஆள் இறங்கினால் மொத்தக் கூட்டமும் கத்திக்கொண்டு எழும்பிவிடும், அது திரும்பி வந்து உட்காருவதற்குள் முட்டைக்குள்ளேயே கரு வெந்து போகும். முன்பு மீன்பிடிக்கப் போனவர்கள் முட்டை பொறுக்கியதும் உண்டு, 1995-ல் சரணாலயம் ஆன பிறகு அதற்குத் தடை. சும்மா போட்டோ மட்டும் எடுத்துவிட்டுத் திரும்பினாலும் பறவைக்கு நஷ்டம் அதே நஷ்டம்தான். அப்புறம் எலி. படகோடு வந்து இறங்கிவிட்டால் முட்டை, குஞ்சு ஒன்றையும் விடாது. தென் அட்லாண்டிக் கடலில் இருக்கும் தெற்கு ஜார்ஜியா தீவில் எலியை ஒழிக்க ஹெலிகாப்டரில் விஷம் தூவி, 2018-ல்தான் முடிந்தது என்று அறிவித்தார்கள்.

உவரி, கூத்தங்குழிப் பக்கம் கடலுக்குப் போகிறவர்களைக் கேளுங்கள், ஆலா கூட்டமாக இறங்கிக் கொத்தும் இடத்தில் சூரை மீன் இருக்கும் என்பார்கள். பறவையைப் பார்க்கத் தீவுக்குத்தான் போக வேண்டுமா என்ன?

பக்கத்தில் பார்க்க ஆசைப்படுகிறவர்களைப் பொங்கல் கழிந்து கூந்தன்குளத்துக்கு அனுப்புங்கள், கோபுரம் இங்கே ஏற்கெனவே நிற்கிறது. குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வரச் சொல்லி ஒரு வரி சேர்த்துப் போடுங்கள், மழை பொய்த்த வருஷத்தில் வந்து பார்த்துவிட்டு எங்களைத் திட்டிவிட்டுப் போகிறார்கள்.

– ஒரு வாசகர், நாங்குநேரி வட்டம்