பிள்ளையை யார் பார்ப்பது?

தலவாக்கலை,
ஞாயிறு மாலை.

அன்புள்ள தோழி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. தாமதத்துக்கு மழையின் மேல் பழி போடலாம். மேல் கொத்மலை அணையில் வான்கதவு திறக்கும் அளவுக்குக் கொட்டுகிறது, கரண்டும் நினைத்த நேரத்தில் போகிறது. ஆனால் உண்மைக் காரணம், பிள்ளைக்காக மகள் வேலையை விட வேண்டுமா என்ற உன் கேள்விதான். அதற்கு இரண்டு வரியில் பதில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. என் முழங்கால் அப்படியே இருக்கிறது. மூத்தவன் கொழும்பிலிருந்து தீபாவளிக்கு வந்து போனான். தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில் பாதி பூட்டிக் கிடக்கிறது, இளசுகள் எல்லாம் வெளியே. இவ்வளவு போதும், உன் மகளின் விஷயத்துக்கு வருகிறேன்.

வங்கி கொடுத்த 84 நாள் விடுமுறை முடியப்போகிறது, குழந்தைக்கு மூன்று வயதாகும் வரை வேலையை விடச் சொல்லிச் சம்பந்தியம்மா ஒற்றைக்காலில் நிற்கிறார் என்று எழுதியிருந்தாய். ‘பெற்றவள் பார்க்காத பிள்ளை பிள்ளையா’ என்று அவர் கேட்டதையும், உனக்கும் அதில் பாதி சம்மதம் என்பதையும் மறைக்காமல் எழுதியிருந்தாய். அந்த நேர்மைக்காகத்தான் உன்னிடம் நானும் ஒளிக்காமல் பேசுகிறேன்.

நீ வளர்ந்தது ஸ்டாப் குவாட்டர்ஸில். உன் அப்பா தோட்டத்து ஆபிஸில் இருந்தார், உன் அம்மா நாள் முழுக்க வீட்டில் இருந்தார். நான் பணிய லயத்துப் பிள்ளை. என் அம்மா விடிவதற்குள் என்னைத் தூக்கிக்கொண்டு, தோட்டத்துப் பிள்ளைகளைப் பகலில் பார்க்கும் பிள்ளைக்காம்பராவுக்கு ஓடுவார், அங்கிருந்து பேர் பதிந்து வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்துக்கு ஓடுவார், அங்கிருந்து கொழுந்து பறிக்க மலைக்கு. ‘பெற்றவள் பார்க்காத பிள்ளை’ என்று கணக்கெடுத்தால் மலையகத்தில் நாலைந்து தலைமுறை அந்தக் கணக்கில் வந்துவிடும். உன் சம்பந்தியம்மாவின் தாயாரும் கொழுந்தெடுத்தவர்தானே. அதை அவரிடம் ஞாபகப்படுத்தாதே, வீட்டில் சண்டை வரும்.

அந்தக் காம்பரா என் கண்ணுக்குள் இன்னும் இருக்கிறது. என் தங்கைமாருக்குச் சோறு கொண்டுபோவேன் என்பதால் விவரம் தெரிந்த வயதிலும் அங்கே நுழைந்து திரிந்திருக்கிறேன். உத்தரத்திலிருந்து வரிசையாகச் சேலைத் தொட்டில்கள் தொங்கும். ஆயா அவற்றை ஒரே கயிற்றில் கோத்து, கயிற்றின் நுனியைத் தன் கால் பெருவிரலில் மாட்டிக்கொள்வார். கால் ஆட நாலு தொட்டிலும் ஆடும், கை இரண்டும் ஐந்தாவது பிள்ளைக்குப் பால் கலக்கும். ஒவ்வொரு தொட்டிலும் அந்தந்தப் பிள்ளையின் தாயுடைய பழைய சேலையில்தான் கட்டியிருக்கும். வேறு துணியில் கட்டினால் பிள்ளை தூங்காது என்று ஆயாவே கண்டுபிடித்த சட்டம் அது. வாசனையில் தாய் இருக்க வேண்டுமாம். எந்தப் பயிற்சியிலும் படிக்காத மனுஷி!

பால் கொடுக்க வரும் தாய்மார் இன்னொரு காட்சி. மழையில் நனைந்த படங்குத் துணி இடுப்பில் இருக்கும், கூடையை வாசலில் இறக்குவார்கள், ரவிக்கை நனைந்திருப்பது மழையாலா பாலாலா என்று தெரியாது. 1939 ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டப்படி, ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை உண்டு. பிள்ளைக்காம்பரா இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி நேரம், இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். அரை மணிக்குள் மலையிலிருந்து இறங்கி, பால் கொடுத்து, திரும்ப ஏறித் தன் கொழுந்து நிரையைப் பிடிக்க வேண்டும். வேலை வாங்கும் கங்காணி மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். சட்டம் எழுதியவர்கள் அந்த மேட்டில் ஏறிப் பார்த்திருப்பார்களா என்பது சந்தேகம்.

ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். பிள்ளைக்காம்பராவைக் கட்டியவர்கள் பிள்ளைகளை நினைத்துக் கட்டவில்லை. தாயின் இரண்டு கைகள் தேயிலைக்கு வேண்டும், இடுப்பில் பிள்ளை இருந்தால் கை ஓடாது, அவ்வளவுதான் காரணம். அதனால்தான் அதன் நேரம் எப்போதும் பெரட்டோடும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தோடும் ஒட்டியே இருந்தது. அதற்குள் தாய் வாசனையையும் தாலாட்டையும் கொண்டுவந்தது ஆயாமார். அவர்களை யாரும் பெரிதாக எண்ணியதில்லை. மலைக்குப் போக உடம்பு முடியாதவளுக்குக் கொடுக்கும் வேலை என்று ஓர் இளக்காரம்தான் இருந்தது. இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர், சுவரில் படம், சின்ன நாற்காலி, பயிற்சி பெற்ற உத்தியோகத்தர் என்று பல தோட்டங்களில் நல்ல மாற்றம். நம் காலத்து ஆயாவுக்கும் அந்த மரியாதையில் கொஞ்சம் கிடைத்திருக்கலாம்.

மூன்று வயது வரை தாய்தான் என்று பெரிய மனோதத்துவ நிபுணர்களே சொல்லியிருப்பதாக உன் மருமகன் காட்டினார் என்றாயே, அவர் காட்டியது ஜோன் பௌல்பியின் கருத்தாகத்தான் இருக்கும். அவர் 1951 இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதியபோது பார்த்தது, வீடும் உறவும் இழந்து விடுதிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் கிடந்த பிள்ளைகளை. காலையில் போய் மாலையில் வந்துவிடும் தாயின் பிள்ளையும் அந்தப் பிள்ளைகளும் ஒன்றல்ல. அவரே ‘தாய், அல்லது தாயின் இடத்தில் நிலையாக இருக்கும் ஒருவர்’ என்றுதான் எழுதினார். இரண்டாவது பாதியை எல்லோரும் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

அந்த ‘நிலையாக’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். முதலாம் வகுப்பில் இத்தனை வருடம் பிள்ளைகளைச் சேர்த்திருக்கிறேன், நீயும் சேர்த்திருக்கிறாய். முதல் நாள் கதவைப் பிடித்துக்கொண்டு கதறுகிறவர்களில் தாய் மடியிலேயே வளர்ந்த பிள்ளையும் உண்டு, காம்பராவில் வளர்ந்த பிள்ளையும் உண்டு, இரண்டும் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். என்னை உறுத்தியது இன்னொரு வகைப் பிள்ளைகள். அழவே மாட்டார்கள். யார் கூப்பிட்டாலும் போவார்கள், யார் விட்டுப் போனாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். விசாரித்தால், தாய் வெளிநாட்டில், கொஞ்ச நாள் அம்மாயி, கொஞ்ச நாள் சித்தி, பிறகு அப்பாயி என்று கை மாறி வந்த பிள்ளையாக இருக்கும்.

வெளிநாடு என்றதும் ஞாபகம் வருகிறது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை இருந்தால் வீட்டுவேலைக்கு வெளிநாடு போகக் கூடாது என்று 2013 இல் அரசாங்கம் பெண்களுக்குக் கட்டுப்பாடு போட்டது. 2022 இல் டொலர் இல்லாமல் நாடு தவித்தபோது அந்த ஐந்து வயது இரண்டு வயதாகிவிட்டது. பிள்ளைகள் அந்த வருடம் திடீரென்று பக்குவப்பட்டுவிட்டார்கள் போலும்! தகப்பன்மாருக்கு அப்படி ஒரு வயதுக் கணக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. அந்த 84 நாளிலும் இதே கணக்குத்தான். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடு என்று கிளினிக்கில் சொல்கிறார்கள், அதற்கு முன்பே வேலைக்கு வா என்று சட்டம் சொல்கிறது. மூன்றாவது பிள்ளையிலிருந்து அதிலும் பாதிதான் என்று வேறு இருந்தது, 2018 இல்தான் திருத்தினார்கள்.

2016 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தோட்டப்புறத்து ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17.3 தான். தாய் மலைக்குப் போவதால்தான் இப்படி என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் சொன்னார், எனக்குக் கோபம் வந்தது. வயிற்றில் இருக்கும்போதே தாய்க்குச் சரியான சாப்பாடு இல்லை, எடை குறைந்து பிறக்கிறது, வீட்டுக்கு நல்ல தண்ணீர் இல்லை. அவள் வீட்டில் இருந்தால் அன்றைய பேரும் சம்பளமும் இல்லாமல் போகும், அப்புறம் எதை ஊட்டுவது?

தகப்பன்மாரைப் பற்றியும் எழுதாமல் விட முடியாது. தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்தோ புல்லுவெட்டோ, ஆண்களுக்குக் கொடுத்த வேலை பகலோடு முடிந்துவிடும். அப்பா வந்து குளித்து, சாப்பிட்டு, சந்திக்குப் போய்விடுவார். அம்மா அந்திக் கொழுந்து நிறுத்துவிட்டு வரும்வரை பிள்ளை காம்பராவில்தான் இருக்கும். வீட்டில் ஓர் ஆள் சும்மா இருக்கிறார், அவருக்குப் பிள்ளை தெரியும், பிள்ளைக்கும் அவரைத் தெரியும். ஆனால் போய்த் தூக்கி வரும் எண்ணம் அவருக்கும் வராது, மற்றவர்களுக்கும் வராது. லயத்தில் ஒரே ஒரு மாமா மட்டும் மகளைத் தோளில் வைத்துக் கொண்டு வருவார். அவரைப் பெண்பிள்ளை என்று கேலி செய்தார்கள். அந்த மகள் இன்று உங்கள் பதுளைப் பக்கம் தாதியாக இருக்கிறாள், மாமா இன்னும் அவளோடுதான்.

இனி உன் மகளுக்கு. அவள் வேலையை விட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. அவளே பிள்ளையோடு இருக்க ஆசைப்பட்டால் அது வேறு, யாரும் தடுக்கக் கூடாது. ஆனால் மாமியார் சொன்னதற்காகவோ குற்ற உணர்ச்சியாலோ விட வேண்டாம். பிள்ளையை ஒருவர், மிஞ்சினால் இருவர், மாறாமல் பார்க்கட்டும். நீ பகலில் பார்ப்பதாக இருந்தால் சம்பந்தியம்மாவோடு வாரத்துக்கு வாரம் பங்கு போடாதே. பக்கத்துத் தெருவில் பார்த்துக்கொள்ளும் பெண் என்றால், அவளிடம் எத்தனை பிள்ளைகள் என்று முதலில் கேள், சம்பளத்தில் பேரம் பேசாதே. நமக்கு வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஒரு வயதுப் பிள்ளையின் பின்னால் நாள் முழுக்க ஓட உன் இடுப்பு இடம் கொடுக்குமா என்று டொக்டரிடம் கேட்டுவிட்டுச் சொல். ‘அதுதான் அம்மாயி இருக்கிறாளே’ என்று எல்லோரும் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். என் தம்பி வீட்டில் அப்படிச் சொல்லித்தான் அவன் மனைவி இப்போது இரண்டு பேரப்பிள்ளைகளோடு ஆஸ்பத்திரிக் கிளினிக் வரிசையில் நிற்கிறாள், தன் பிரஷர் மாத்திரைக்கு.

உன் மருமகனுக்கு நாலு மணிக்கு அலுவலகம் முடிகிறது என்று முன்பொரு முறை எழுதியிருந்தாய். வங்கி எத்தனை மணிக்கு விடுகிறது, அவர் வீட்டுக்கு எத்தனை மணிக்கு வருகிறார், இடையில் எங்கே போகிறார் என்று விசாரித்து எழுது. இந்தக் கடிதத்தை மகளிடம் காட்டு. சம்பந்தியம்மா கண்ணில் படாமல் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் கொட்டகலை அறைத்தோழி