சுவர்ப் பத்திரிகைக் கவிதை குறித்துப் பெற்றோருக்கு

தண்டையார்பேட்டை, சென்னை

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நம் தமிழ் மன்றத்தின் சுவர்ப் பத்திரிகையில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவரின் கவிதை வெளியானதிலிருந்து என் அறைக்கு அம்மாமார் வந்தவண்ணம் இருக்கிறார்கள். “இதை எழுதியது என் மகளா?” என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. பெயரை நான் சொல்வதாக இல்லை. கைப்பேசியில் படம் பிடித்து ஒருவருக்கொருவர் அனுப்பியதில் பாதி வரிகள் விடுபட்டுவிட்டன என்பதால் முழுக் கவிதையையும் இங்கே தருகிறேன். தமிழாசிரியை ஒற்றுப்பிழைகளைத் திருத்தியதோடு சரி.

என் பையை நீ சுமக்கிறாய்,
என் தோள் சும்மா வருகிறது.
டீச்சர் என்னைக் கேட்கிறார்,
உன் வாய் பதில் சொல்கிறது.
கோழி மிதித்துக் குஞ்சு சாகாதாம், தெரியும்.
மிதித்தபடியே நின்றால்
குஞ்சு எப்போது நடக்கும்?
டி.எச். ரோட்டைக் கடக்கும்போது
என் கை உன் கையில் இருக்கிறது.
அப்போது நான் சாலையைப் பார்ப்பதில்லை அம்மா,
உன்னைத்தான் பார்க்கிறேன்.

பெற்றவர்களை மதிக்காத கவிதை என்று சிலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடைசி நான்கு வரிகளைத் திரும்பப் படித்துப் பாருங்கள். கை பிடித்துக் கடக்கும் பிள்ளை, வருகிற லாரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று கணக்குப் போடுவதில்லை. அந்தக் கணக்கை அம்மா போட்டுவிடுகிறார். இப்படியே எட்டாம் வகுப்பு வரை வந்த பிள்ளை, ஒருநாள் டியூஷன் முடிந்து தனியாகத் திரும்ப நேர்ந்தால் சாலை ஓரத்தில் நின்று யாரைப் பார்க்கும்? பாதுகாப்புக்காகப் பிடித்த கைதான் அந்தப் பிள்ளையைச் சாலைக்குப் புதியவளாக்கி வைத்திருக்கிறது. பதினான்கு வயதுப் பெண் இதைக் கண்டுபிடித்து எழுதியிருக்கிறாள். நாங்கள் ஆசிரியர்கள் யாரும் இப்படி யோசித்ததில்லை.

உங்கள் பயம் வீண் பயம் என்று சொல்லமாட்டேன். நான் இருப்பதும் இதே வட சென்னையில்தான். துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளையும், சந்துக்குள் பின்னோக்கி வரும் தண்ணீர் லாரிகளையும், கொருக்குப்பேட்டைப் பக்கம் மூடிய ரயில்வே கேட்டுக்கு அடியில் குனிந்து புகுகிறவர்களையும் தினமும் பார்க்கிறேன். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களின் மற்ற பயங்களையும் அறிவேன். அதனால்தான் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை எல்லா வகுப்பறைச் சுவரிலும் எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் ஷூ கயிறு கட்டுவதில் எந்த லாரி வருகிறது? ஏழாம் வகுப்புப் பையனுக்கு மதிய இடைவேளையில் கேட்டுக் கம்பி வழியாகச் சோற்றை உருட்டிக் கொடுப்பது எந்த ஆபத்திலிருந்து காப்பாற்ற? பல பிள்ளைகளுக்குத் தங்கள் அம்மாவின் கைப்பேசி எண் மனப்பாடமாகத் தெரியவில்லை. அது போனில் ‘அம்மா’ என்ற பெயருக்குப் பின்னால் இருக்கிறது, அவ்வளவுதான். உண்மையில் பயப்பட வேண்டியது இதற்கு.

காசிமேட்டுத் தகப்பன்மாருக்குத் தனியாக ஒரு வார்த்தை. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14 வரை நீடிப்பதால் பள்ளி திறக்கும் வாரத்தில் வாசலில் உங்கள் கூட்டம்தான் அதிகம். பிள்ளையைக் கொண்டுவந்து விட அப்பாவுக்கு ஆசை இருக்காதா, வாருங்கள். நாள்கணக்கில் கரையே தெரியாத கடலில் நிற்கிற நீங்கள், மகள் இரண்டு தெரு தாண்டி மளிகைக் கடைக்குத் தனியாகப் போவதற்கு மட்டும் ஏன் இவ்வளவு பதறுகிறீர்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து முடிவெடுக்க உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள், உங்களைக் கரையில் உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கொஞ்சம் கோபமாகவே. மகளைக் கடைக்கு அனுப்ப மறுக்கும் அதே வீட்டில், பத்தாம் வகுப்பு மகன் ஸ்கூட்டர் ஓட்டி வருகிறான். மகனுக்குச் சாவி, மகளுக்குப் பூட்டு. இதற்குச் சுதந்திரம் என்றும் பெயரில்லை, பாதுகாப்பு என்றும் பெயரில்லை. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவர் இப்படி வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க முடியும். அந்த வண்டிகளைப் பள்ளிச் சந்தில் நிறுத்தவும் இனி அனுமதி இல்லை. சாவியை உங்கள் கையில் மட்டுமே தருவோம்.

வரும் திங்கள்கிழமையிலிருந்து சில மாற்றங்கள். ஆறாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களின் பையைப் பள்ளி வாசலுக்குள் பெற்றோர் தூக்கி வரக் கூடாது. மதியச் சாப்பாட்டைக் காலையிலேயே கொடுத்தனுப்புங்கள். குழம்பு ஆறிவிடும் என்று கவலைப்படுகிறவர்களுக்கு, சத்துணவுக் கூடத்தில் சூடாகச் சோறு இருக்கிறது என்பதை நினைவூட்டுகிறேன். ஒரே தெருப் பிள்ளைகள் சேர்ந்து நடந்துவரும்படி தெருவாரியாகப் பட்டியல் தயாராகிறது. ஒவ்வொரு குழுவிலும் பெரிய வகுப்பு மாணவர் ஒருவர் இருப்பார். காலையும் மாலையும் சாலையைக் கடக்கும் இடத்தில் உடற்கல்வி ஆசிரியரும் ஆர்.எஸ்.பி. என்ற சாலைப் பாதுகாப்புப் படை மாணவர்களும் நிற்பார்கள். முதல் சில நாள்கள் நீங்கள் பத்தடி பின்னால் நடந்து வரலாம். முன்னால் வர வேண்டாம். கனமழை நாள்களுக்கு இவை எதுவும் பொருந்தாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நம் தெருக்கள் கிடந்த கிடப்பை யாரும் மறந்திருக்க முடியாது. அப்படிப்பட்ட நாளில் நீங்களே வந்து அழைத்துப் போங்கள்.

இந்த முறை பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மதிப்பெண் அட்டையைப் பிள்ளைகளே உங்களுக்கு விளக்குவார்கள். கணக்கில் ஏன் குறைந்தது என்று நாங்கள் கேட்டால் பதிலும் அவர்களுடையதாக இருக்கட்டும். உங்களுக்கு அவர்களுக்குப் பின்னால் உள்ள வரிசையில் நாற்காலி போடப்பட்டிருக்கும், காபியும் உண்டு.

அன்புடன்,
தலைமையாசிரியை